கப்பல் வாங்கினால் போதுமா?

கேள்வி: கடலோரக் காவல் படைகளுக்கு அரசுகள் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுக் கப்பல்கள் வாங்குகின்றன. அதற்குப் பிறகும் தணிக்கை, நாடாளுமன்றக் குழு என்று ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? சீருடைக்காரர்களை நம்பி விட்டுவிடக் கூடாதா?

பதில்: கடலில் இறங்குகிற வீரர்களை நானும் நம்புகிறேன். அவர்கள் ஏறும் கப்பலைச் சோதித்தது யார் என்பதுதான் என் கவலை.

அமெரிக்கக் கடலோரக் காவல் படை தன் கப்பல்களையும் விமானங்களையும் புதுப்பிக்க 2002-இல் 'டீப்வாட்டர்' திட்டத்தில் ஒப்பந்தம் போட்டது. வேலையைத் தனியார் கூட்டு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். மேற்பார்வையில் பெரும்பகுதியையும் அதனிடமே விட்டார்கள். 110 அடி ரோந்துப் படகுகளை நீட்டி 123 அடி ஆக்கினார்கள். 2004-இல் முதல் படகு புயலுக்கு ஒதுங்கிப் போகும்போதே அதன் உடல் நெளிந்து விரிசல் கண்டது. 2006 நவம்பரில் எட்டுப் படகுகளையும் பணியிலிருந்து விலக்கினார்கள். சுமார் 10 கோடி டாலர் கடலில் கரைந்தது. திட்டத்தில் இருந்த பொறியாளர் ஒருவர் குறைகளை மேலிடத்தில் சொல்லிப் பார்த்தார். பலனில்லாமல் கடைசியில் யூடியூபில் காணொளி போட்டார். நீங்கள் 'குறுக்கே நிற்கிறார்கள்' என்கிற அதே தணிக்கையாளர்களும் நாடாளுமன்றக் குழுவும் துருவிக் கேட்ட பிறகுதான், 2007-இல் படை அந்த மேற்பார்வைப் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்தது. நல்லவேளை, அந்தப் படகுகளோடு யாரும் மூழ்கவில்லை.

தென்கொரியாவில் அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. 2014 ஏப்ரல் 16 அன்று 'சேவோல்' பயணிகள் கப்பல் கவிழ்ந்தது. இருந்தவர்கள் 476 பேர். இறந்தவர்கள் 304 பேர், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அனுமதித்த அளவைப் போல இருமடங்குக்கு மேல் சரக்கு ஏற்றியிருந்தார்கள். புறப்படும் முன் அதைச் சோதிக்க வேண்டியது கப்பல் நிறுவனங்களின் சங்கம். அந்தச் சங்கத்தைக் கண்காணிக்க வேண்டியது கடலோரக் காவல் படை. முதலாளியின் சங்கமே முதலாளியின் கப்பலுக்குச் சான்று தருவதை அரசு வருடக்கணக்காக அனுமதித்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. காவல் படையின் மீட்புப் படகு வந்து கேப்டனை ஏற்றிக்கொண்டது. 'அறையிலேயே இருங்கள்' என்ற அறிவிப்பை நம்பிய பிள்ளைகள் உள்ளேயே இருந்தார்கள். பிறகு அந்தப் படையையே கலைத்தார்கள். 2017-இல் மறுபடி அமைத்தார்கள்.

பட்டியலில் உள்ள கப்பல் வேறு, இன்றிரவு அழைப்பு வந்தால் கிளம்பக்கூடிய கப்பல் வேறு. உதிரி பாகத்துக்காகப் பட்டறையில் நிற்பதும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறது. ஆள் பற்றாக்குறையில் ஓய்வில்லாமல் ஓடுகிற குழு எந்தக் கணக்கிலும் வராது. பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். ரோந்துப் பாதை ரகசியமாகவே இருக்கட்டும். கப்பலின் நிலையை மூடிய அறையிலாவது மக்கள் பிரதிநிதிகளிடம் சொல்லியாக வேண்டும்.

அடுத்த புதுக் கப்பல் செய்தி வரும்போது உங்கள் பிரதிநிதிக்கு எழுதுங்கள்: போன ஆண்டு அது போன்ற கப்பல்கள் எத்தனை நாள் கடலில் இருந்தன? அவற்றைச் சோதித்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?