மீட்டர் கிடக்கட்டும், சேசிஸ் நம்பரைப் பாருங்கள்

கேள்வி: உறவினரின் நண்பரிடம் ஒரு செகண்ட் ஹேண்ட் காரை ₹5.4 லட்சத்துக்கு வாங்கினேன். 4 லட்சம் வங்கி வழியாக, மீதி ரொக்கம். 2019 மாடல், 61,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றார். பிறகு 17 இலக்க வி.ஐ.என். நம்பரை (வண்டியின் அடையாள எண், சேசிஸ் நம்பர் என்பதும் இதுதான்) வைத்துப் பார்த்தால், வருடத்தைக் காட்டும் பத்தாவது எழுத்து 'ஜே', அதாவது 2018. கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதே நம்பரைக் கொடுத்துக் கேட்டால், இரண்டு வருடத்துக்கு முன்பே 1,12,000 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவு. சீட்டுக்கு அடியில் உள்ள நம்பரின் கடைசி இலக்கங்கள் வேறு மாதிரி இருப்பதாக அங்கிருந்த அட்வைசர் ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைகளைக் குறிக்கும் தாள்) ஏதோ எழுதினார். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி. நம்பியவரே கழுத்தறுத்துவிட்டார். மன உளைச்சலுக்கும் சேர்த்து நுகர்வோர் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாமா? புரோக்கர் ஒருவர் 5 லட்சத்துக்கு ஆள் இருப்பதாகச் சொல்கிறார். விற்றுவிட்டு மீதிக்கு மட்டும் வழக்குப் போடலாமா? ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் விற்றவர் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

பதில்: விற்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி மீட்டரைப் பற்றியும் நண்பரைப் பற்றியும் இருக்கிறது. அட்வைசர் ஜாப் கார்டில் "ஏதோ எழுதினார்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் வழக்கு முழுவதும் அந்த "ஏதோ"வில்தான் இருக்கிறது.

மாடல் வருடத்தை விட்டுவிடுங்கள். 2018 கடைசியில் தயாராகி 2019-ல் பதிவான வண்டியை எல்லோரும் 2019 மாடல் என்றுதான் விற்கிறார்கள். தயாரிப்பு மாதமும் வருடமும் ஆர்.சி.யிலேயே அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துத்தானே பணம் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். நுகர்வோர் ஆணையமும் உங்களுக்கு உதவாது. தன் சொந்தக் காரை விற்ற தனிமனிதர் வியாபாரி இல்லை. மன உளைச்சல் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இங்கே சட்டத்தில் விலை கிடையாது.

இனி நம்பருக்கு வருவோம். நீங்கள் வி.ஐ.என்.-ஐப் போட்டு எடுத்தது அந்த நம்பரின் வரலாறு. அந்த நம்பர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியுடையதுதானா என்பது வேறு கேள்வி. விபத்தில் நொறுங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று எழுதிய காரைச் சிலர் ஆர்.சி.க்காகவே வாங்குகிறார்கள். பிறகு அதே மாடல், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, நம்பரைத் தேய்த்து, நொறுங்கிய காரின் நம்பரை அடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை எந்த இணையதளத்தில் தேடினாலும் சுத்தமாகத்தான் காட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டு வாகனத் தேடலிலும் சிக்காது. ஏனென்றால் நீங்கள் தட்டச்சு செய்வது திருடுபோகாத காரின் நம்பரை. அப்படி நடந்திருந்தால் அந்த 1,12,000 கிலோமீட்டர்கூட உங்கள் கார் ஓடியதாக இருக்காது. மீட்டரைத் திருத்தினார் என்று நீங்கள் போடும் வழக்கு, வேறு யாரோ ஓட்டிய வண்டிக்கான வழக்காக முடியும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 55(5)-ன்படி, வண்டியில் பதித்துள்ள சேசிஸ் நம்பரோ என்ஜின் நம்பரோ ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து மாறியிருந்தாலும், பொய்யான தகவலைக் கொடுத்துப் பதிவு வாங்கியிருந்தாலும், உங்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் பதிவை ரத்து செய்வார்கள். நீங்கள் நல்லெண்ணத்தில் வாங்கினீர்கள் என்பது அங்கே எடுபடாது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 27-ன் அடிப்படை விதியும் இதுதான்: விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. திருட்டு வண்டி என்றால் போலீஸ் எடுத்துக்கொண்டு போகும். அசல் உரிமையாளரோ, அவருக்குத் திருட்டு இழப்பீடு கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனியோ வந்து கேட்கும். உங்களுக்கு மிஞ்சுவது விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை மட்டும். ரொக்கமாகக் கொடுத்த 1.4 லட்சத்துக்கு ரசீது வாங்கியதாக நீங்கள் எழுதவில்லை.

இதுவரை சொன்னது பண நஷ்டம். நான் பயப்படுவது அடுத்ததற்கு. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 317 திருட்டுச் சொத்தைப் பற்றியது. அதில் எல்லாமே "தெரிந்தும், அல்லது நம்பக் காரணம் இருந்தும்" என்ற சொற்களில் நிற்கிறது. போன மாதம் வரை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் ஏமாந்தவர். ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும்.

என் கட்சிக்காரர் ஒருவர் இதே நிலையில் வந்தார். வந்தபோது வண்டியை விற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. வாங்கியவர் பெயர் மாற்றத்துக்குப் போனபோது மோட்டார் வாகன ஆய்வாளர் நம்பரைப் பார்த்து நிறுத்திவிட்டார். போலீஸ் ஒவ்வொரு கையாகப் பின்னால் தேடி வந்தது. என் கட்சிக்காரருக்கு விற்றவர் அதற்குள் ஊரில் இல்லை. "எனக்கு எதுவும் தெரியாது" என்று இவர் சொன்னதும், சர்வீஸ் சென்டரிலிருந்து எடுத்த ஒரு தாளை மேசையில் வைத்தார்கள். பிரேக் பேட், ஏ.சி. பில்டர், அதற்குக் கீழே "சேசிஸ் நம்பர் சரிபார்க்கவும், உரிமையாளரிடம் தெரிவிக்கப்பட்டது", அதன் அடியில் இவர் கையெழுத்து. ஏமாந்தவராக வந்திருக்க வேண்டிய மனிதர் குற்றவாளிகள் பட்டியலில் மூன்றாமவராக நின்றார். அந்த ஒரு தாளுக்குப் பதில் சொல்லி அவரை வெளியே கொண்டுவருவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொருவர் பட்டறையில் சொல்லி நம்பரை "சரியாக" அடித்துக்கொண்டார். அவருக்கு நான் எதுவும் செய்ய முடியவில்லை. அடித்துப் பதிக்கும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். மேலே தேய்த்து அழித்தாலும் தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் பூசினால் பழைய எண் எழும்பி வரும்.

எனவே இந்த வாரமே இதைச் செய்யுங்கள். சீட்டை நகர்த்தி, தரைவிரிப்பை விலக்குங்கள். நம்பரின் மேல் மெல்லிய வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து அச்செடுங்கள். உப்புத்தாள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். எல்லா இலக்கமும் ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே இடைவெளியில் இருக்கிறதா? கடைசி இலக்கங்களைச் சுற்றி அரம் போட்ட கீறல் தெரிகிறதா? கடிதத்தில் நம்பரை எழுதும்போது (அதை இங்கே வெளியிடவில்லை) ஓரிடத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருக்கிறீர்கள். வி.ஐ.என்.-ல் ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. பூஜ்யமாக இருக்க வேண்டும். தகட்டில் நிஜமாகவே 'ஓ' அடித்திருந்தால் அது கம்பெனி அடித்த நம்பர் இல்லை.

அடுத்து, அந்த சேசிஸ் நம்பரோடு எந்த என்ஜின் நம்பர், எந்த நிறம் வெளியே போனது என்று தயாரிப்புக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வந்ததை உங்கள் என்ஜினில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நம்பர் துருப்பிடித்து அழிந்தால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு மறுபடி பதிக்க வழி உண்டு. அப்படி நடந்திருந்தால் அதற்குத் தாள் இருக்கும், விற்றவரிடம் கேளுங்கள்.

எல்லாம் பொருந்தி, தாளும் இருந்தால், பிரச்சினை மீட்டரோடு சுருங்கிவிடும். அப்போது வழக்கே வேண்டாம், சமரசமாகப் போங்கள். மீட்டரைத் திருத்தியது இவர்தான், முந்தைய உரிமையாளர் இல்லை என்று நிரூபிப்பது லேசான வேலை இல்லை. விலையில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்குங்கள், அல்லது வண்டியைக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்குங்கள். அவருக்கும் முடிக்க அவசரம் உண்டு. பெயர் மாறும்வரை விபத்து இழப்பீடு பதிவுப் பெயரில் உள்ளவர் தலையில்தான் விழும் என்று நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடைப்பது ஒரு லட்சமோ ஒன்றேகாலோ, வங்கி வழியாக, எழுத்தில் வாங்கிக்கொண்டு முடியுங்கள்.

பொருந்தாவிட்டால் சமரசம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். திருட்டு வண்டி என்று தெரிந்தபின் பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது, அதை மறைக்க உதவியதாக 317(5)-ல் வரக்கூடும். அவர் நாளைக்கே முழுப் பணத்தோடு வந்தாலும் வாங்காதீர்கள். ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, ஜாப் கார்டு மூன்றையும் இணைத்துப் போலீசில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். போலீஸ் உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்கள் போயிருக்க வேண்டும். வண்டி போய்விடும், நகை மீட்கவும் நாளாகும், தெரிந்துதான் சொல்கிறேன்.

அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். படிவம் 30-ஐயும் தாக்கல் செய்யாதீர்கள்; தாமதக் கட்டணம் சிறிய தொகைதான். புரோக்கரிடம் இன்றைக்கே "வண்டி விற்பனைக்கு இல்லை" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அதை அழிக்காமல் வைத்திருங்கள். ஜாப் கார்டில் அட்வைசர் சரியாக என்ன எழுதினார் என்பதை எனக்குப் படமெடுத்து அனுப்புங்கள்.