நானூறு பாலங்களின் ஊரில் இருவர்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் வரும் அக்டோபரில் ரோமிலிருந்து ரயிலில் வெனிஸ் சென்று நான்கு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார், படிக்கட்டுகள்தாம் சிரமம். ஊர் முழுக்கப் பாலங்கள் என்கிறார்கள். இந்தப் பயணம் சரிவருமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நிச்சயமாகச் சரிவரும். ஆனால் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே பயணத்தின் பாதி முடிவாகிவிடுகிறது என்பதை மனத்தில் வையுங்கள். வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன. அடியில் படகு செல்ல வேண்டும் என்பதால் பெரும்பாலானவை நடுவில் உயர்ந்து இருபுறமும் படிகளாக இறங்குபவை. நான் முதன்முறை என் அக்காவுடன் சென்றபோது, எங்கள் விடுதிக்காரர் ‘படகு நிறுத்தத்திலிருந்து ஆறு நிமிட நடை’ என்று எழுதியிருந்தார். அந்த ஆறு நிமிடத்துக்குள் நான்கு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்திலும் இரண்டு பெட்டிகளையும் நான் தூக்கிக்கொண்டு ஏற, அக்கா கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக வந்து சேர்ந்தார். விடுதியை அடைந்தபோது அவருக்கு ஊரைப் பார்க்கும் ஆசையே போயிருந்தது. ஆகவே முன்பதிவுக்கு முன் விடுதிக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: ‘படகு நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை பாலங்கள், உள்ளே மின்தூக்கி உண்டா?’ தூரத்தையும் நட்சத்திர மதிப்பீட்டையும் விட இதற்கு வரும் பதில்தான் உங்களுக்கு முக்கியம்.

எனக்குப் பிடித்த இடம் டோர்சோடூரோ பகுதியின் தென்கரையான ஸாட்டெரே. அகன்ற நீர்ப்பரப்பை ஒட்டி நீளும் சமதரையான நடைபாதை அது. மாலை வெயிலில் உள்ளூர்ப் பெரியவர்கள் அங்கே பெஞ்சுகளில் அமர்ந்திருப்பார்கள். பெட்டிகளைச் சுமப்பதுதான் பெரிய கவலை என்றால், ரயில் நிலையத்திலிருந்து இடப்பக்கம் திரும்பும் லிஸ்தா தி ஸ்பான்யா தெருவில் தங்கலாம். அங்கே செல்ல ஒரு பாலம்கூட ஏற வேண்டியதில்லை. அழகில் ஸாட்டெரேவுக்கு ஈடாகாது, அவ்வளவுதான். இன்னொரு வசதியும் உண்டு. அக்டோபர் இறுதியில் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்துக்காகக் கரையோரப் பாலங்கள் சிலவற்றின் படிகள் மீது சாய்தளங்கள் அமைப்பார்கள். உங்கள் தேதி ஒத்துவந்தால் அவை உங்கள் துணைவியாருக்கும் உதவும்.

பயணச்சீட்டில் ‘வெனெட்ஸியா சாந்தா லூச்சியா’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முந்தைய நிலையமான மெஸ்த்ரேயில் பலர் தவறி இறங்கிவிடுகிறார்கள். மெஸ்த்ரேயைக் கடந்ததும் ரயில், 1846இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாகக் காயலுக்குள் நுழையும், இருபுறமும் தண்ணீர்தான். நிலையத்தின் வெளிப்படிகளில் வந்து நின்றால் வண்டிகளோ சாலையோ கிடையாது. நேர் எதிரே பெருங்கால்வாயும், அக்கரையில் பச்சைக் குவிமாடத்துடன் ஒரு தேவாலயமும் தெரியும். அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் பிறகு படகைத் தேடலாம்.

‘வாப்பொரெத்தோ’ என்னும் பயணிகள் படகில் ஒருமுறைக் கட்டணம் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். நான்கு நாட்கள் தங்குபவர்களுக்கு நாள் கணக்கிலான சீட்டே இலாபம். முழங்கால் வலி உள்ளவருக்கு அது இலாபம் மட்டுமல்ல, தேவையும்கூட. ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் சீட்டைக் கருவியில் வைத்துப் பதிய வேண்டும், மறந்தால் அபராதம். விடுதியில் பெட்டிகளை வைத்துவிட்டு, முதல் மாலையில் இருவருமாக நிலையத்துக்கு எதிரிலிருந்து முதலாம் எண் படகில் ஏறுங்கள். பெருங்கால்வாய் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளம். இந்தப் படகு அநேகமாக எல்லா நிறுத்தங்களிலும் நின்று, சான் மார்க்கோ சேர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த மெதுவான வேகத்தைத்தான் நான் விரும்புகிறேன். மிதக்கும் மேடையைப் படகு நெருங்கும்போது, பணியாளர் தடித்த கயிற்றை வீசிக் கம்பத்தில் சுற்றி இறுக்குவார். கயிறு முறுகும் ஓசை கேட்கும். இரும்புக் கதவைத் தள்ளியபடி நிறுத்தத்தின் பெயரைச் சொல்வார். அரண்மனைகளின் வாசற்படிகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதையும், அடிப்படிகளில் பாசி படர்ந்து கரும்பச்சையாக இருப்பதையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். 1591இல் கட்டி முடிக்கப்பட்ட ரியால்த்தோ பாலத்தின் ஒற்றைக் கல் வளைவுக்கு அடியில் கடந்து செல்வீர்கள். பயணம் முடியும் இடத்தில், 1630ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் நேர்த்திக்கடனாக எழுப்பப்பட்ட சலூத்தே தேவாலயம் வலப்புறம் நிற்கும். ஒரு படியும் ஏறாமல் இவ்வளவையும் அவர் பார்த்துவிடுவார்.

இலையுதிர்காலத்தில் கடல்நீர் ஏறி வரும் ‘ஆக்குவா ஆல்த்தா’ பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2019 நவம்பர் 12இல் நீர்மட்டம் 187 சென்டிமீட்டர் வரை உயர்ந்து ஊரைப் பாழாக்கியது. 2020 அக்டோபர் முதல், காயலின் மூன்று கடல்வாய்களிலும் 78 எஃகுக் கதவுகளை எழுப்பிப் பெருவெள்ளத்தைத் தடுத்துவிடுகிறார்கள். தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் மட்டும் கணுக்கால் அளவுக்கு நீர் தேங்கக்கூடும். அன்று வேறு பகுதிக்குச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: விடுதிச் செலவைக் குறைக்க மெஸ்த்ரேயில் தங்கி, பகலில் மட்டும் வெனிஸ் சென்றுவரலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: ரயிலில் பத்து நிமிடம்தான் என்பதால் செய்யலாம், ஆனால் ஒரே ஓர் இரவாவது தீவுக்குள் தங்குங்கள் என்றுதான் சொல்வேன். பகல் பயணிகள் திரும்பிய பின்னும், காலை எட்டு மணிக்கு முன்பும் இருக்கும் வெனிஸ் வேறு ஊர். காய்கறிப் பெட்டிகளும் சலவைத் துணி மூட்டைகளும் ஏற்றிய சரக்குப் படகுகள் சிறு கால்வாய்களில் நுழைவதும், கைவண்டியைப் படிகளில் இழுத்து ஏற்றுவதும் விடியற்காலையில்தான் காணக் கிடைக்கும். 2024 ஏப்ரல் 25இல் தொடங்கி, குறிப்பிட்ட சில நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்கு உட்பட்டதுதான் என்பதால், அங்கே இரவு தங்குபவர்களுக்கும் விலக்கு உண்டு.

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் செல்கிறோம். அவளுக்கு ஓவியங்கள் என்றால் உயிர். எனக்குத் தெருத்தெருவாகச் சுற்ற வேண்டும். பிரிந்து சென்றால் வழி தவறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: தயங்காமல் பிரிந்து செல்லுங்கள். ஒருவர் விருப்பத்துக்காக மற்றவர் நாள் முழுதும் பின்னால் நடப்பதுதான் நல்ல நட்பையும் மூன்றாம் நாளில் கசக்க வைக்கிறது. சான் போலோ பகுதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் தோழி சான் ரோக்கோ மன்றத்துக்குச் செல்லட்டும். அங்கே சுவர்களிலும் மேற்கூரையிலும் தின்தொரெத்தோ என்னும் ஓவியர் பல ஆண்டுகள் உழைத்து வரைந்தவை நிறைந்திருக்கின்றன. கழுத்து வலிக்காமல் கூரையைப் பார்க்கக் கைக்கண்ணாடி தருவார்கள், அதில் குனிந்தபடியே மேலேயுள்ள ஓவியத்தைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஃப்ராரி தேவாலயம். 1518இல் திறந்துவைக்கப்பட்ட ஓவியர் திஸியானோவின் ‘மாதா விண்ணேற்பு’ ஓவியம் அங்கே பலிபீடத்தின் மேலேயே இருக்கிறது. அவருக்கு இரண்டு மணி நேரம் போதாது. அதற்குள் நீங்கள் சுற்றிவிட்டு ஃப்ராரி வாசலில் சந்திக்கலாம்.

வழி தவறத்தான் செய்வீர்கள். குறுகிய சந்துகளில் கைப்பேசி வரைபடமும் தடுமாறும். வீட்டு எண்ணை நம்பவும் முடியாது. எண்கள் தெருவாரியாக அல்லாமல் ஊரின் ஆறு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர் வரிசையாக ஓடுகின்றன, சில பகுதிகளில் ஐயாயிரத்தைத் தாண்டுகின்றன. ஆகையால் முகவரியைக் குறிக்கும்போது பகுதியின் பெயரையும் சேர்த்துக் குறியுங்கள். ‘காலே’ என்றால் சந்து, ‘காம்போ’ என்றால் திறந்தவெளி. சுவர்களில் ‘பெர் ரியால்த்தோ’, ‘பெர் சான் மார்க்கோ’ என்ற மஞ்சள் பலகைகளைப் பின்தொடர்ந்தால் தெரிந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

காம்போக்களின் நடுவே செதுக்கிய கல் கிணறுகளைப் பார்ப்பீர்கள். அவை ஊற்றுக் கிணறுகள் அல்ல. உப்புநீர் சூழ்ந்த ஊரில் மழைநீரைத் தளத்துளைகள் வழியே இறக்கி, மணலில் வடிகட்டிச் சேமித்த தொட்டிகள். 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் நீர் வரும்வரை ஊர் குடித்தது இதைத்தான். அருகே சென்றால், கயிறு உராய்ந்த தடங்கள் சிலவற்றின் விளிம்பில் தெரியும். ரியால்த்தோவைக் கடந்து சற்று நடந்தால் மலிப்ரான் அரங்கம் வரும். பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பை நேரில் கண்டு சொன்ன மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இருந்த இடம் அது.

கொண்டோலா சவாரிக்குப் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, ஐந்து பேர் வரை ஏறலாம். இருவருக்கு அது அதிகம் என்றால், சாந்தா சோஃபியாவிலிருந்து சந்தைப் பக்கம் செல்லும் ‘த்ராகெத்தோ’வில் ஏறுங்கள். அதுவும் கொண்டோலாவே, இரண்டு யூரோ கொடுத்து, காய்கறிப் பையுடன் நிற்கும் உள்ளூர்க்காரர்களோடு இரண்டே நிமிடத்தில் பெருங்கால்வாயைக் கடந்துவிடலாம்.