வாசகர் கேள்வி–பதில்: முதலில் வந்து சேர்ந்தது காற்று

கேள்வி (ஒரு வாசகர், மன்னார்): செர்னோபில் அணு உலை வெடித்தபோது அயல்நாடுகளில் இருந்தவர்கள் அந்த நாள்களை எப்படிக் கடந்தார்கள்? கூடங்குளத்துக்கு எதிர்க்கரையில் வாழும் எங்களுக்கு அதில் ஏதேனும் பாடம் உண்டா?

பதில்: அந்தக் கதையை ஒரு காலணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1986 ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவர் கதிர்வீச்சுச் சோதனைக் கருவியைக் கடந்தபோது எச்சரிக்கை மணி அடித்தது. அவரோ அன்று உலைப் பகுதிக்குள் கால் வைக்கவே இல்லை. தங்கள் உலையில்தான் கசிவோ என்று பதறித் தேடியவர்கள், அவருடைய காலணியில் ஒட்டியிருந்த பொருள்களைப் பகுத்துப் பார்த்த பிறகே, அவை எங்கோ தொலைவிலிருந்து காற்றில் வந்து மழையோடு தரையில் இறங்கியவை என்று தெரிந்துகொண்டார்கள். அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் செர்னோபில் அங்கிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

நான்காம் எண் உலை 26ஆம் தேதி பின்னிரவு 1.23 மணிக்கே வெடித்துவிட்டது. சோவியத் தொலைக்காட்சியில் அதைப் பற்றிய சில வரி அறிவிப்பு 28ஆம் தேதி இரவுதான் வந்தது. அதுவும் சுவீடன் துருவிக் கேட்ட பிறகு. உலையின் காலடியில் இருந்த ப்ரிப்யாத் நகரத்தின் 49,000 மக்களுக்கே ஒன்றரை நாள் எதுவும் சொல்லப்படவில்லை. மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி 27ஆம் தேதி பிற்பகலில் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றினார்கள்; அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை. சொந்த ஊராருக்கே வாய் திறக்காதவர்கள் அயலாருக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருப்பார்கள் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

இந்த நெருக்கடியில் நான் மிகவும் மதிக்கும் அயல்நாடு போலந்து. அன்றைக்கு அது மாஸ்கோவின் சொல்லைத் தட்டும் நிலையில் இல்லாத நாடு என்பதை நினைவில் கொண்டால் அந்த மதிப்பு இன்னும் கூடும். 28ஆம் தேதி விடியற்காலையிலேயே நாட்டின் வடகிழக்கில் உள்ள மிக்கவாய்க்கி அளவீட்டு நிலையம் காற்றில் கதிர்வீச்சு ஏறியிருப்பதைக் காட்டியது. எங்கிருந்து வருகிறது என்பதை வார்சாவின் அறிவியலாளர்கள் அன்று மாலை பிபிசி வானொலியிலிருந்துதான் அறிந்தார்கள். ஆனாலும் மாஸ்கோவிலிருந்து விவரம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மறுநாளே குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுக்க முடிவெடுத்து, அன்று மாலையே தொடங்கிவிட்டார்கள். மூன்று நாளில் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் அதைக் குடித்தார்கள். அவர்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் சிறுவர் சிறுமியர். பள்ளிகளிலும் மருந்தகங்களிலும் வரிசையில் நின்று, பழுப்பு நிறத்தில் நாக்கைச் சுளிக்க வைத்த அந்தக் கரைசலை விழுங்கியது அந்தத் தலைமுறைக்கு இன்றும் மறக்கவில்லை. கறவை மாடுகளுக்குப் பசும்புல் கொடுப்பது தடை செய்யப்பட்டது. சிறு குழந்தைகளுக்குப் பால்பொடி தரப்பட்டது.

புல்லையும் பாலையும் ஏன் தொட்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம். உலையிலிருந்து வெளிவரும் கதிரியக்க அயோடின் 131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும் பொருள். ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் அது புல்லில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலில் இறங்கி, குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சுரப்பி முன்பே நல்ல அயோடினால் நிறைந்திருந்தால் இதற்கு அங்கே இடம் இருக்காது. உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா ஆகியவற்றின் பாதிக்கப்பட்ட கிராமங்களில் பல குழந்தைகள் அந்தப் பாலையே தொடர்ந்து குடித்தார்கள். 2005ஆம் ஆண்டுக்குள் அந்தத் தலைமுறையில் 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன என்று ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு பதிவு செய்திருக்கிறது. போலந்தில் படிந்த அளவே பெலாரஸைவிடக் குறைவு என்பதால், அங்கே குழந்தைகள் தப்பியதற்கு அயோடின் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும்.

உலையிலிருந்து வெளிவந்த இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம் 137 வேறு வகை. அது பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும். ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வேல்ஸின் மலைப்புல்வெளிகளில் மேய்ந்த ஆடுகளை விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு 2012இல்தான் நீங்கியது.

உங்கள் கரைக்கு வருகிறேன். இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள கல்பிட்டிக்கும் கூடங்குளத்துக்கும் இடையே சுமார் 225 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் காற்று உங்கள் பக்கமாக வீசும்; வடகிழக்குப் பருவத்தில் எதிர்ப்பக்கமாகப் போகும். கூடங்குளத்தின் உலைகள் செர்னோபில் வகையைச் சேர்ந்தவை அல்ல, அவற்றைச் சுற்றிக் கனமான காப்புக் கட்டடம் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விபத்து நடந்தால் உடனே அயல்நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற உடன்படிக்கை 1986 செப்டம்பரில் வியன்னாவில் உருவானது. 2015 பிப்ரவரியில் இந்தியாவும் இலங்கையும் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இவை தேவையே. ஆயினும் உங்கள் அரசிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஒப்பந்தத்தின் நகலை அல்ல. மேற்குக் கரையில் அளவீட்டுக் கருவிகள் எத்தனை இருக்கின்றன, நள்ளிரவில் அவற்றின் அளவு ஏறினால் யார் யாரை எழுப்புவார்கள், அயோடின் எந்த ஊர் மருத்துவமனை வரை இருக்கிறது என்ற கணக்கைத்தான்.

கேள்வி (ஒரு வாசகி, சிவகாசி): அயோடின் கலந்த உப்பைத்தானே தினமும் சாப்பிடுகிறோம்? அது போதாதா?

பதில்: போதாது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா உலைக் கட்டடங்கள் வெடித்த அடுத்த வாரமே சீனாவின் பல நகரங்களில் மக்கள் இதே எண்ணத்தோடு உப்பு மூட்டைகளைப் போட்டி போட்டு வாங்கிக் கடைகளைக் காலி செய்தார்கள். பெரியவர் ஒருவருக்கு நெருக்கடியில் ஒரு வேளைக்குத் தேவைப்படும் அயோடின் 100 மில்லிகிராம். ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு வேளைக்கு நீங்கள் மூன்று கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். கதிர்வீச்சு வந்து சேர்வதற்கு முன்பே அந்த உப்பு உங்கள் கதையை முடித்துவிடும்.