அப்பாவுக்கு சி.எல்.எல்.: சிகிச்சை ஆரம்பிக்கும் முன் தடுப்பூசி போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. நான்கு வருடமாக சி.எல்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இருக்கிறது. இதுவரை மருந்து எதுவும் இல்லை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை மட்டும்தான். இப்போது நெறிக்கட்டிகள் பெரிதாகிவிட்டதால் அடுத்த மாதம் ஒபினுடுசுமாப் ஊசியும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். நிமோனியா, அக்கி தடுப்பூசி பற்றிக் கேட்டால் குடும்ப டாக்டர் "கேன்சர் இருக்கிறவர்களுக்கு ஊசி வேண்டாம்" என்கிறார். முன்பு கோவிட் ஊசி போட்டபின் எடுத்த ஆன்டிபாடி டெஸ்டில் ஒன்றுமே இல்லை என்று வந்தது. அப்படியிருக்க, இனி ஊசி போட்டு என்ன பயன்? தெரிந்த ஒருவர் இம்யூனோகுளோபுலின் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வீட்டில் ஒன்றரை வயதுப் பேரன் இருக்கிறான், அவனுடைய ஊசிகளைத் தள்ளிப்போட வேண்டுமா?

பதில்: போடலாம், போட வேண்டும், அதுவும் மருந்து ஆரம்பிப்பதற்குள் போட்டாக வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த "அடுத்த மாதம்" தான். கையில் சில வாரங்கள்தான் இருக்கின்றன. மற்றதையெல்லாம் மெதுவாகப் படியுங்கள், முதலில் அப்பாவின் ரத்தநோய் மருத்துவரைக் கூப்பிட்டு முதல் ஒபினுடுசுமாப் ஊசித் தேதி என்ன என்று கேட்டுவிடுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், சி.எல்.எல். என்பது பி செல் என்கிற ஒருவகை வெள்ளை அணுவில் வரும் நோய். கிருமியையோ தடுப்பூசியையோ கண்டதும் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், தயாரிக்கிற வேலை இந்த பி செல்களுடையதுதான். நோயுற்ற செல்கள் கூட்டங்கூட்டமாகப் பெருகும், ஆனால் வேலை செய்யாது. அதனால்தான் ரிப்போர்ட்டில் வெள்ளை அணு ஏகத்துக்கும் ஏறியிருந்தாலும் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறது. இதற்கு மேல் ஒபினுடுசுமாப் வருகிறது. பி செல்லின் மேலே இருக்கும் ஒரு அடையாளத்தைப் பிடித்து அழிக்கிற மருந்து அது, நல்ல பி செல்லுக்கும் அதே அடையாளம் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே போகும். வழக்கமாக 28 நாள் சுழற்சியாக ஆறு சுழற்சி கொடுப்பார்கள், கிட்டத்தட்ட அரை வருடம். கடைசி ஊசிக்குப் பிறகும் பி செல்கள் திரும்பி வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கூட்டிப் பாருங்கள், இந்த மாதத்தை விட்டுவிட்டால் தடுப்பூசிக்கு நல்ல ஆன்டிபாடி வருவதற்கு ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ காத்திருக்க வேண்டும், தொற்று வரும் ஆபத்து அதிகமாக இருப்பதும் அதே காலத்தில்தான்.

ஆகவே முதல் ஒபினுடுசுமாப் ஊசிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுவிடுங்கள். நிமோகாக்கல் ஊசியில், அதாவது நிமோனியா ஊசியில், கான்ஜுகேட் (கிருமியின் சர்க்கரை உறையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த) வகை, 20 ரகக் கிருமிகளுக்கானதோ அதைவிடப் புதியதோ கிடைத்தால் ஒரே தவணையில் முடிந்துவிடும். 23 ரகம் என்று ஒரு பழைய ஊசி இருக்கிறது, எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், சி.எல்.எல். உள்ளவர்களுக்கு அது தனியாகச் சரியாக வேலை செய்வதில்லை. ஃப்ளூ ஊசி, கோவிட் ஊசி, இந்த வயதுக்கு ஆர்.எஸ்.வி. என்கிற சுவாச வைரஸுக்கான ஊசி, இவற்றையும் கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு கையிலும் போட்டுக்கொள்ளலாம். அக்கிக்கு ரீகாம்பினன்ட் வகை (உயிருள்ள கிருமி இல்லாமல், அதன் ஒரு புரதத்தை மட்டும் தயாரித்து வைத்தது), இரண்டு தவணை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு மாத இடைவெளி போதும். இரண்டாவது தவணை சிகிச்சைக்குள் விழத்தான் செய்யும், அதனால் அதை விட்டுவிட வேண்டியதில்லை. அக்கியைத் தடுப்பதில் டி செல்கள் என்கிற இன்னொரு வகை வெள்ளை அணுக்களுக்குப் பெரிய பங்கு, ஒபினுடுசுமாப் நேரடியாகக் குறிவைப்பது டி செல்லை அல்ல. இரண்டு வார இடைவெளி கிடைக்காத அளவுக்கு நோய் முற்றியிருந்தால் கிடைக்கிற நாளில் போடுங்கள், ஊசிக்காகப் புற்றுநோய் மருந்தைத் தள்ளிவைக்காதீர்கள்.

இனி உங்கள் குடும்ப டாக்டர் சொன்னது. தடுப்பூசியில் இரண்டு வகை உண்டு. உயிருள்ள, பலவீனமாக்கிய கிருமியை வைத்துச் செய்தது ஒன்று: தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், வாய்வழி போலியோ, மூக்கில் அடிக்கிற ஃப்ளூ மருந்து போன்றவை. இவை அப்பாவுக்கு வேண்டாம், ஆபத்து. மேலே நான் சொன்னவற்றில் உயிருள்ள கிருமி கிடையாது, அவற்றால் அந்த நோய் வராது. முதல் வகைக்கான விதியை எல்லா ஊசிக்கும் நீட்டிவிடுகிறார்கள், இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரே ஒரு இடத்தில் நீங்களும் கவனமாக இருக்க வேண்டும். அக்கிக்கு உயிருள்ள கிருமி வைத்த பழைய ஊசியும் உண்டு, ஆகவே "அக்கி ஊசி" என்று மட்டும் கேட்காமல் ரீகாம்பினன்ட் என்று கேட்டு, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஊசியால் கேன்சர் வேகமாகும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. சில நாளைக்கு அக்குளில் நெறி கட்டலாம். ஸ்கேன் எடுக்கும் தேதி பக்கத்தில் இருந்தால் எந்தக் கையில் போட்டீர்கள் என்று அங்கே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நோய்தான் கூடிவிட்டது என்று வீண் கலவரம் ஆகும்.

சரி, ஆன்டிபாடி டெஸ்ட். 2021இல் இஸ்ரேலில் 167 சி.எல்.எல். நோயாளிகளுக்கு கோவிட் ஊசி போட்டு அளந்து பார்த்தார்கள். ஆன்டிபாடி வந்தது சுமார் 40 சதவீதம் பேருக்கு, ஆரோக்கியமான ஒப்பீட்டுக் குழுவில் எல்லோருக்கும் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சிகிச்சையே தொடங்காதவர்களில் 55 சதவீதம் பேருக்கு வந்தது, சிகிச்சை நடந்துகொண்டிருந்தவர்களில் 16 சதவீதம், சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருந்தவர்களில் 79 சதவீதம். ஒபினுடுசுமாப் போன்ற மருந்தை 12 மாதத்துக்குள் எடுத்திருந்த ஒருவருக்குக்கூட வரவில்லை. உங்கள் அப்பா இன்றைக்கு அந்த 55இல் நிற்கிறார், அடுத்த மாதம் 16க்குப் போய்விடுவார். முன்பு கோவிட் ஊசிக்கு வராதது நிமோனியா ஊசிக்கும் வராது என்று அர்த்தமில்லை, திரும்பப் போடும் கோவிட் தவணைக்கு வரலாம் என்பதும் உண்டு. டி செல்கள் ஊசியிலிருந்து கற்றுக்கொண்டது எதுவும் அந்த டெஸ்டில் தெரியாது. ஆன்டிபாடி குறைந்தாலும் டி செல் காவல் இருந்தால், தொற்று வந்தாலும் தீவிரமாகாமல் தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது.

அதனால் தயவுசெய்து அந்தப் பரிசோதனைக்கு இனிப் பணம் கட்டாதீர்கள். "இம்யூனிட்டி பேக்கேஜ்" என்று பெயர் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிற லேப்கள் இருக்கின்றன. இந்த எண்ணுக்கு மேல் போனால் பாதுகாப்பு, கீழே போனால் ஆபத்து என்று நோயாளிக்குச் சொல்லக்கூடிய கோடு எதுவும் கிடையாது. எண்ணைப் பார்த்து ஒருவர் நொந்துபோய் அடுத்த ஊசியை விடுகிறார், இன்னொருவர் தைரியம் வந்து முகக்கவசத்தை விடுகிறார். இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொள்பவர்கள் விஷயம் இன்னும் மோசம். அந்த மருந்து ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்து எடுப்பது, டெஸ்டில் தெரிவது அவர்களுடைய ஆன்டிபாடி. நோயாளி தன் உடம்பு தயாரித்தது என்று நினைத்துக்கொள்வார்.

அந்த இம்யூனோகுளோபுலின் ஆளிடம் ஒன்றும் வாங்காதீர்கள். நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ரத்தத்தில் ஐஜிஜி என்கிற முக்கிய ஆன்டிபாடியின் அளவு நன்றாகக் குறைந்து, அதோடு தீவிரமான பாக்டீரியா தொற்று திரும்பத் திரும்ப வந்தால்தான் பொதுவாக ஏற்றுவோம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. அளவு, எடைக் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கே 24 கிராம் வருகிறது, இவர்கள் கொண்டுவந்து நீட்டும் ஐந்து கிராம் பாட்டில் ஒன்றை ஏற்றி என்ன ஆகப்போகிறது? ரத்தம் உறைதல், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை இதெல்லாம் வரக்கூடும், அதனால் பக்கத்தில் ஆள் இருந்து மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து இது. எந்தக் குளிரில் வைத்திருந்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள், உண்மையான மருந்துதானா என்று அந்த ஆள் உங்களுக்குக் காட்டவே முடியாது. பயந்துபோன குடும்பங்களைத் தேடிப் பிடித்து விற்கிறார்கள். எதிர்ப்பு சக்தி பவுடர், கேப்ஸ்யூல் எல்லாமும் அதே கணக்குதான், சில மூலிகைகள் ஈரலில் வெனிடோகிளாக்ஸ் கரையும் வேகத்தை மாற்றி மருந்தையே கெடுத்துவிடும்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் வீடுகளில் அதிகம் குழம்புகிறார்கள். அவனுடைய ஊசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போடாத குழந்தை நிஜமான தட்டம்மையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது தாத்தாவுக்குத்தான் பேராபத்து. தட்டம்மை ஊசி உயிருள்ள வகைதான், ஆனாலும் ஊசி போட்ட குழந்தையிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை, தாராளமாகப் போடுங்கள். சின்னம்மை ஊசியும் போடலாம். அதற்குப் பிறகு உடம்பில் கொப்புளம் வந்தால் மட்டும், அது பொருக்குத் தட்டும் வரை தாத்தாவை விட்டுத் தள்ளி வையுங்கள், கொப்புளமே வராவிட்டால் ஒன்றும் வேண்டாம். விதிவிலக்கு வாய்வழி போலியோ சொட்டு மருந்து. அந்த வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். ஊசி வடிவப் போலியோ மருந்து கிடைத்தால் அதையே கேளுங்கள், குழந்தை மருத்துவரிடம் "வீட்டில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இருக்கிறார்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். சொட்டு மருந்தே கொடுத்தாகிவிட்டதா, பிரித்து உட்கார வைக்க வேண்டாம். சில வாரத்துக்கு டயபர் மாற்றுவதும் கழுவிவிடுவதும் தாத்தாவின் வேலை இல்லை, மாற்றுகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அப்புறம் வீட்டில் உள்ள மற்ற எல்லோரும் ஃப்ளூ, கோவிட் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், ஃப்ளூவுக்கு மூக்கு மருந்து வேண்டாம், கையில் போடுவதே சரி.

சி.எம்.எல். என்கிற இன்னொரு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்துக் கலங்க வேண்டாம், அது வேறு நோய், மாத்திரையில் இருப்பவர்களுக்குத் தடுப்பூசி பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது.

கடைசியாக, இதையெல்லாம் நீங்கள் கடிதம் எழுதிக் கேட்க வேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது. நோய் தெரிந்த நாளிலேயே, நான்கு வருடத்துக்கு முன்பே, யாராவது போட்டிருக்க வேண்டிய ஊசிகள் இவை. ரத்தநோய் மருத்துவர் குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கிறார், குடும்ப டாக்டர் இது பெரிய டாக்டர் விஷயம் என்று பயப்படுகிறார், ஃபைலில் கீமோவுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, தடுப்பூசிக்கு ஒரு வரி கிடையாது. அதனால் அலையப்போவது நீங்கள்தான். ரத்தநோய் மருத்துவரிடம் வாயால் கேட்டு வராதீர்கள், எந்தெந்த ஊசி, எந்தத் தேதிக்குள் என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்குங்கள், அந்தத் தாளோடு குடும்ப டாக்டரிடம் போனால் அவர் மறுக்க மாட்டார். போட்ட ஊசியின் பெயர், தேதி, பேட்ச் எண் மூன்றையும் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பிளேட்லெட் குறைவாக இருந்தால் மெல்லிய ஊசியால் போடச் சொல்லி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

சிகிச்சை ஆரம்பித்தபின், ஊசியெல்லாம் போட்டிருந்தாலும், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். கோவிட் என்று உறுதியானால் ரிட்டோனாவிர் கலந்த மாத்திரையை வேறு யாராவது எழுதிக்கொடுத்தாலும் ரத்தநோய் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள், அது ரத்தத்தில் வெனிடோகிளாக்ஸ் அளவை ஆபத்தாக ஏற்றிவிடும்.