1969 செவர்லே கமாரோ காரில் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மாற்றும்போது பெட்ரோல் குழாயையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்றுங்கள். கார்புரேட்டரைவிட எனக்குக் கவலை அந்த ரப்பர் குழாயைப் பற்றித்தான். அமெரிக்காவில் இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது. குழாயை மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் தெரியும். உள்ளிருந்து உதிரும் கருந்துகள் ஒன்று புதிய கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வில் சிக்கினாலே போதும், பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின்மேல் கொட்டும். தீ விபத்துக்கு வேறென்ன வேண்டும்? எத்தனால் தாங்கும் குழாயையே கேட்டு வாங்குங்கள். துருவேறிய இரும்புக் குழாய்க்கு ரப்பரால் ஒட்டுப்போடாதீர்கள்.

பழைய கார்புரேட்டர் குவாட்ராஜெட் என்ற நான்கு துளை வகை என்றால், அதன் பின்துளைகள் முன்துளைகளைவிட மிகப் பெரியவை. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள ஹோலி நிறுவனக் கார்புரேட்டரை அங்கே பூட்ட, இரண்டையும் பொருத்தும் அடாப்டர் தட்டு தேவை.

வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.