மூன்று சுழியா, இரண்டு சுழியா?

கேள்வி: மின்னூல் கருவியில் தமிழ் எழுத்து மெலிந்து தெரிகிறது. அளவைக் கூட்டினால் வரிக்கு மூன்றே சொல்தான். என்ன செய்யலாம்?

பதில்: அளவை விடுங்கள், எழுத்துருவை மாற்றுங்கள். எனக்கும் ‘ண’, ‘ன’ குழம்பிக் கண் வலித்தது. ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ என்ற எழுத்துருவைப் போட்டதும் மூன்று சுழியும் எண்ணும்படி தெரிந்தன; அன்று இரவு நூறு பக்கம் படித்தேன்! அது இலவசம்தான். கிண்டிலைக் கேபிளில் கணினியோடு இணைத்து, அந்த எழுத்துருவின் டிடிஎஃப் (.ttf) கோப்பை ‘ஃபான்ட்ஸ்’ (fonts) ஃபோல்டரில் போடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, எழுத்துருப் பட்டியலில் தேர்ந்தெடுங்கள். கோபோ மின்னூல் கருவியில் அந்த ஃபோல்டரை நாமே உருவாக்க வேண்டும்.

வரி இடைவெளியையும் ஒரு படி கூட்டுங்கள். மேல்வரி ‘மூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் முட்டவே கூடாது. பிடிஎஃப் நூலுக்கு மட்டும் இது பலிக்காது. அதில் எழுத்துரு பக்கத்தோடு பதிந்துவிட்டது.