பள்ளிக்கூடத்துக்கு யார் மார்க் போடுவது?

மதுரை மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிகளை எப்படி அளப்பது என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து ஒரு அம்மா: பக்கத்து அரசுப் பள்ளி வாசலில் '100 சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். மகனைச் சேர்க்கலாமா சார்?

சேர்க்கலாம் அம்மா. அதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள். பத்தாவது எழுதியது 18 பேரா, 180 பேரா? அதே செட்டு ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள்? நடுவில் பிள்ளைகள் நின்றுபோனால் சதவீதம் தானாக ஏறிவிடும். பேனர் அதைச் சொல்லாது.

உசிலம்பட்டி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்: 2024 டிசம்பரில் எங்கள் பள்ளியிலும் மத்திய அரசின் அடைவுத் தேர்வு நடந்தது. எங்கள் பள்ளியின் மார்க் எங்கே அண்ணே?

வராது தம்பி. டிசம்பர் 4 அன்று நடந்த அந்த 'பரக்' தேர்வு 3, 6, 9 வகுப்புகளுக்கு, அதுவும் பொறுக்கியெடுத்த பள்ளிகளில் மட்டும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அங்கே பானை மாவட்டம், உங்கள் பள்ளி வெறும் பருக்கை. இதற்கு முந்தைய அடைவுத் தேர்வு 2021 நவம்பரில் நடந்தது, அதுவோ 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏறிற்று, இறங்கிற்று என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

திருமங்கலம்: கழிப்பறை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் எங்கே பார்ப்பது?

யுடைஸ் தளத்தில், அதாவது பள்ளி விவரங்களைத் திரட்டும் மத்திய அரசின் இணையதளத்தில். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. ஆனால் தகவலைத் தருவது பள்ளியேதான். ஒரு பள்ளியில் கழிப்பறை 'பயன்பாட்டில் உள்ளது' என்று பதிவாகியிருந்தது. போய்ப் பார்த்தால் பூட்டு, சாவி தலைமையாசிரியர் பையில்!

செல்லூர், இளம் ஆசிரியை: பள்ளிச் சூழலை எப்படி சார் அளப்பது? பிள்ளை பயமில்லாமல் இருக்கிறதா என்பதற்கு மார்க் உண்டா?

கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்தின் பள்ளிக் கல்விக்கும் மத்திய அரசு மார்க் போடும் தரக் குறியீட்டில் மொத்தம் 600 புள்ளி. 'விளைவுகள்' என்ற பகுதிக்கு 290. பள்ளிப் பாதுகாப்பு, குழந்தைப் பாதுகாப்பு இரண்டும் சேர்த்தே 35தான். 2021 அடைவுத் தேர்வில் பிள்ளைகளிடமே கேட்டதில், நாடு முழுக்க 96 சதவீதம் பேர் பள்ளிக்கு வரப் பிடிக்கும் என்றார்கள். பள்ளியிலேயே உட்கார்ந்து நிரப்புகிற தாளில் பிள்ளை வேறென்னம்மா எழுதும்?

நான் போகிற பள்ளியில் முதலில் திங்கட்கிழமை வருகைப் பதிவைப் பார்ப்பேன். அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்று பார்ப்பேன். கடைசியாக, பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி. அதன் பூட்டில் துரு ஏறியிருந்தால், எப்போது கடைசியாகத் திறந்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் சாவியைத் தேட ஆரம்பிப்பார்கள்.